வில்லியனூர்க் குழாய்ப் பானை: மாசியில் இறங்கி ஐப்பசியில் பரண் ஏறும் வரை

வெயில் ஏறத் தொடங்கியதும் புதுச்சேரியின் சாலையோரங்களில் குழாய் பொருத்திய மண்பானைகள் வரிசைகட்டி நிற்கத் தொடங்கிவிடுகின்றன. வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது, வீட்டில் எந்த இடத்தில் வைப்பது என்று கேட்கும் உறவினர்களிடம் வாய்மொழியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுத்தில் தருகிறேன். நான் மதிப்பிடுவது வில்லியனூரில் வனைந்த, வண்ணம் எதுவும் பூசாத, 12 லிட்டர் கொள்ளும் குழாய்ப் பானையை. நாங்கள் வாங்கியபோது அதன் விலை 450 ரூபாய். இரும்பு முக்காலிக்குத் தனியே கொடுத்தோம்.

எங்கள் வீடு முத்தியால்பேட்டையில், கடல் இரைச்சல் இரவில் காதில் விழும் தொலைவில் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் வேலூரிலோ திருவண்ணாமலையிலோ இருப்பவர் தம் வீட்டுப் பானையைப் பற்றி எழுதும் புகழுரை கடற்கரை ஊரில் இருப்பவருக்கு அப்படியே பொருந்தாது. பானை குளிர்வதற்கு வெயில் கடுமையாக இருந்தால் மட்டும் போதாது. காற்று உலர்ந்திருக்க வேண்டும். கடலோர ஊர்களில் மண்பானையின் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஈரமாகப் படர்ந்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீரின் வெப்பத்தை ஒரு டிகிரி குறைக்க ஒரு கலோரியை வெளியேற்றினால் போதும் என்றால், ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி தேவைப்படுகிறது. ஆகவே ஒரு டம்ளர் அளவுக்கும் குறைவான நீர் ஆவியாகிப் போனாலே 12 லிட்டர் நீரை ஐந்தாறு டிகிரி குளிர வைத்துவிடலாம் என்று கணக்கு சொல்கிறது. சுற்றிலும் இருக்கும் அனல் பானையை விடாமல் சூடாக்கிக்கொண்டே இருப்பதால் நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே நீர் செலவாகும்.

ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் கசிந்த நீர் ஆவியாக இடமில்லை. பானை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஈரக்குமிழ் வெப்பநிலை என்று அறிவியல் பாடத்தில் சொல்லப்படும் எல்லைக்குக் கீழே அதனுள் இருக்கும் நீர் இறங்காது. வெயில் 40 டிகிரியாக இருந்து ஈரப்பதம் 30 விழுக்காடாக இருந்தால் அந்த எல்லை ஏறத்தாழ 26 டிகிரி. வெயில் 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 75 விழுக்காடு என்றால் எல்லை ஏறத்தாழ 30 டிகிரிக்கு உயர்ந்துவிடுகிறது. வெயில் குறைவான நாளில் பானைத் தண்ணீர் வெதுவெதுவென்றும், அனல் வீசும் நாளில் ஜில்லென்றும் இருப்பதற்கு இதுவே காரணம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பங்குனியில் திட்டுபவர்கள் ஆனி வரையில் பொறுத்திருந்து பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் பானை பரணிலிருந்து இறங்குவது மாசி மகத்தை ஒட்டி. வைத்திக்குப்பம் கடற்கரையில் நடக்கும் தீர்த்தவாரிக்கு மயிலம் முருகன் முதலாகப் பல ஊர்த் தெய்வங்கள் வந்து சேர, வெளியூர் உறவினர்களும் முன்னறிவிப்பின்றி வந்து சேருவார்கள். காலையில் பனி விழும், நண்பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும் என்ற இரண்டுங்கெட்டான் பருவம் அது. கடற்கரையிலிருந்து கால் சுடத் திரும்பி வருகிறவர்கள் கேட்கும் முதல் பொருள் தண்ணீர். அதனால் அந்தச் சாக்கில் பானை இறங்குகிறது. புதிதாக வாங்குவதற்கும் அதுவே ஏற்ற காலம். கார்த்திகைக்கு அகல் விளக்கும் பொங்கலுக்குப் பொங்கல் பானையும் செய்து முடித்த குயவர்கள், மழை ஓய்ந்து மண்ணும் விறகும் உலர்ந்த பின்னர்தான் கோடைப் பானைகளைச் சூளையில் அடுக்குகிறார்கள். மாசியில் போனால் பொறுக்கி எடுக்க நிறைய இருக்கும். சித்திரையில் போனால் மற்றவர்கள் தட்டிப் பார்த்து ஒதுக்கியவைதான் மிஞ்சியிருக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றுள் முதன்மையானது வெளிப்பூச்சு. வெளிமாநிலங்களிலிருந்து லாரியில் வந்து இறங்கும் பானைகளில் பூவும் கொடியும் வரைந்து, மேலே பளபளப்புக்காக வார்னிஷும் அடித்திருப்பதைக் காணலாம். பார்வைக்கு அழகுதான், வரவேற்பறையில் வைத்தால் வருகிறவர்கள் விசாரிப்பார்கள். ஆனால் அந்தப் பூச்சு நுண்துளைகளை அடைத்துவிடுவதால் பானை வியர்ப்பதில்லை. வியர்க்காத பானையும் பிளாஸ்டிக் குடமும் ஒன்றே. மெல்லிய காவிப் பூச்சு பரவாயில்லை. விரலால் தேய்த்தால் வழுக்கும் எதையும் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, சூளையில் வெந்த பதம். விரலை மடக்கித் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது சமையல் பானைக்கு முழுவதும் சரி. விரிசல் இருந்தால் ஓசை மழுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர்ப் பானைக்கு அந்த விதியைச் சற்றுத் தளர்த்த வேண்டும். மிக நன்றாக வெந்த பானையில் துளைகள் இறுகிவிடுவதால் உறுதி கூடும், குளிர்ச்சி குறையும். சற்று இளம்பதமாக வெந்த பானை நன்றாகக் குளிரும். ஆனால் முக்காலியின் விளிம்பில் இலேசாக இடித்தாலே உதடு பெயர்ந்துவிடும். எங்கள் பானை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. கடையில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் காட்டுகிறார்கள். அரைமணி நேரத்தில் வெளிச்சுவர் முழுவதும் சீராக நிறம் மாறினால் எடுத்துக்கொள்ளலாம். ஓரிடத்தில் மட்டும் சொட்டினால் அது கசிவு அன்று, ஓட்டை.

புதுப்பானையை ஒரு பகலும் இரவும் நீரில் மூழ்கவைத்து, முதல் சில நாள் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுமை யாருக்கும் இருக்கவில்லை. “அம்மா, தண்ணி ஒரே மண் வாசனையா இருக்கு” என்று மகன் முகத்தைச் சுளித்தான். “அதுக்குத்தானேடா பானையே வாங்கறது” என்று மாமியார் இரண்டாவது டம்ளரையும் பிடித்துக் குடித்தார். சிலருக்குக் குறையாகவும் சிலருக்குச் சிறப்பாகவும் தெரியும் அந்த வாசனை ஒரு வாரத்தில் அடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகும் வேண்டும் என்பவர்களுக்கு வெட்டிவேர் இருக்கிறது. கடலூரை அடுத்த நொச்சிக்காடு, தியாகவல்லிப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் அது பயிராவதால் நமக்கு வெகுதொலைவிலிருந்து வரவேண்டிய பொருளும் அன்று. ஒரு சிறு கட்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மெல்லிய வெள்ளைத் துணியில் முடிந்து போட வேண்டும். சில நாளுக்கு ஒருமுறை எடுத்து மறுபடி காயவைக்காவிட்டால் மணம் போய் வாடை வரும். என் கணவருக்கு வெட்டிவேர்த் தண்ணீர் பிடிக்காது. காபி போட்டால் காபியிலும் அது மணக்கிறது என்பது அவருடைய வழக்கு. அது நியாயமான வழக்குதான் என்பதால் காபிக்குக் கேன் தண்ணீரையே எடுக்கிறோம்.

பங்குனியும் சித்திரையின் தொடக்கமும் இந்தப் பானைக்குச் சோதனைக் காலம். தென்கிழக்கிலிருந்து வீசும் கடல்காற்று முற்பகலிலேயே வந்துவிடுகிறது. சட்டை முதுகோடு ஒட்டுகிறது. துவைத்த போர்வை மாலை வரையில் நமுத்துக் கிடக்கிறது. அப்படிப்பட்ட நாட்களில் பானைத் தண்ணீர் கேன் தண்ணீரைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாக இருந்தால் அதுவே அதிகம். தேர்வு முடிந்து வீட்டிலிருக்கும் பிள்ளைகள் இந்தப் பருவத்தில் ஃபிரிட்ஜ் பக்கம் சாய்வதைத் தடுக்க முடிவதில்லை. நான் தடுக்கவும் முயல்வதில்லை. மண்பானைத் தண்ணீர் எல்லா நோயையும் தீர்க்கும், ஃபிரிட்ஜ் தண்ணீர் எல்லா நோயையும் கொண்டுவரும் என்று கைப்பேசியில் சுற்றிவரும் செய்திகளை வைத்துப் பிள்ளைகளை மிரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இந்தக் காலத்தில் நம் கையில் இருப்பது இடத்தேர்வு ஒன்றே. பெரும்பாலான வீடுகளில் பானையைச் சமையலறை மூலையில், அடுப்புக்கு எட்டிய தொலைவில், ஃபில்டருக்குக் கீழே வைத்துவிடுகிறார்கள். சுவர் இருபுறமும் அணைக்க, காற்று நுழையாத அந்த மூலையில் பானையைச் சூழ்ந்த காற்று ஈரத்தால் நிறைந்து நின்றுவிடுகிறது. எங்கள் பானை முன்கட்டுத் தாழ்வாரத்தில், தெருக்கதவுக்கும் முற்றத்துக்கும் நடுவே, நேர் வெயில் படாமல் காற்று மட்டும் ஊடறுத்துப் போகும் இடத்தில் நிற்கிறது. முக்காலியின் மேல் தட்டில் மணல் பரப்பி, அந்த மணலை நனைத்து, அதன்மேல் பானையை அமர்த்தியிருக்கிறோம். காற்றே இல்லாத நாளில் மேசை விசிறியைச் சிறிது நேரம் அந்தப் பக்கம் திருப்பிவைத்தால் வேறுபாடு நாக்கிலேயே தெரிகிறது. மின்சாரம் இல்லாமல் குளிரும் பானைக்கு விசிறி எதற்கு என்று வீட்டுக்கு வந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். சிரித்துவிட்டு அதே தண்ணீரைத்தான் குடித்துவிட்டுப் போனார்கள்.

அக்னி நட்சத்திரத்தின் பிற்பாதியிலிருந்து நிலைமை தலைகீழாகிறது. மேற்கிலிருந்து, நிலப்பகுதியின் மீது காய்ந்து வரும் காற்று கடல்காற்றை உள்ளே விடாமல் நெட்டித் தள்ளுகிறது. கடல்காற்று நுழைய மூன்று மணி, நான்கு மணி ஆகிவிடும். வைகாசி முழுவதும், ஆனியிலும் ஆடியின் தொடக்கத்திலும் இப்படி மேல்காற்று வீசும் நாட்களில்தான் பானை கொடுத்த காசுக்கு உழைக்கிறது. அத்தகைய ஒரு நண்பகலில் மகன் பள்ளிச் செயல்திட்டத்துக்காக வாங்கிய வெப்பமானியை வைத்து அளந்தான். தாழ்வாரத்து நிழலில் 38 டிகிரி, கேன் தண்ணீர் 34 டிகிரி, பானைத் தண்ணீர் 27 டிகிரி. எண்களைச் சுவர் நாட்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தான். பானையின் வயிற்றுப் பகுதியில் உள்ளங்கையை வைத்தால் ஈரத்துணியைத் தொட்டதுபோல் இருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளியிருந்த சுவரோ கையைச் சுட்டது.

இந்தப் பருவத்தில் வீட்டின் நடமாட்டமே பானையைச் சுற்றி அமைந்துவிடுகிறது. பகலுணவுக்குப் பின் மாமியார் பாயை விரித்துப் படுப்பது தாழ்வாரத்தில்தான். பிள்ளைகளின் தாயமும் பல்லாங்குழியும் அங்கேதான். அஞ்சல்காரரும் கேன் போடும் தம்பியும் கேட்காமலேயே டம்ளரை எடுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். சிறிய வாய்ப்பானை ஒன்றைத் தனியே வாங்கி மோர் ஊற்றிவைத்தோம். கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட மோர் மாலை வரையில் அதிகம் புளிக்காமல் இருந்தது. பிற்பகல் மின்தடை வந்தால் ஃபிரிட்ஜைத் திறக்காதே, குளிர் போய்விடும் என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொள்ளும் வழக்கமும் இந்த மாதங்களில் குறைந்துவிட்டது.

கொள்ளளவுதான் இங்கே இடிக்கிறது. நிரப்பிய நீர் நன்றாகக் குளிர ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். ஐந்து பேர் உள்ள வீட்டில், வருவோர் போவோரும் குடிக்கும்போது, 12 லிட்டர் பிற்பகலுக்குள் தீர்ந்துவிடுகிறது. தீர்ந்த பானையில் மறுபடி ஊற்றினால் அது குளிர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஒரே பெரிய பானையாக 20 லிட்டரில் வாங்குவதைவிட இரண்டு நடுத்தரப் பானைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே நல்லது. இரவு படுக்கப் போகுமுன் ஒன்றை நிரப்புவது என் கணவரின் பொறுப்பு. விடியலில் மற்றொன்றை நிரப்புவது என்னுடையது.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றினால் சில வாரங்களிலேயே பானையின் வெளிப்புறத்தில் வெள்ளைத் தூள் பூக்கும். கடலோரத்து நிலத்தடி நீரில் கரைந்துள்ள உப்புகள், நீர் ஆவியானதும் சுவரில் தங்கிவிடுவதால் வருவது அது. பானை போலி என்பதற்கு அடையாளம் அன்று. ஆனால் அந்தத் தூள் துளைகளை அடைத்து, பானையை மெல்ல மெல்ல வியர்க்கவிடாமல் செய்துவிடும். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தால் பெரும்பகுதி உதிர்கிறது. சோப்பும் பாத்திரத் தூளும் கூடவே கூடாது. மண் அவற்றை உறிஞ்சிவைத்துக்கொண்டு நாள்கணக்கில் தண்ணீரில் விடும். உட்புறத்தைக் கல்லுப்பும் நாரும் கொண்டு தேய்த்து, வெயிலில் கவிழ்த்துவைத்தால் போதும்.

குழாய்தான் இந்தப் பொருளின் பலவீனமான உறுப்பு. எங்கள் பானையோடு வந்த பிளாஸ்டிக் குழாயின் ரப்பர் வாஷர் ஒரே மாதத்தில் விட்டுப்போய், இரவெல்லாம் சொட்டி, முக்காலியின் கால் துருப்பிடித்தது. விற்ற கடையில் கேட்டதற்குப் பானைக்குத்தான் பொறுப்பு, குழாய்க்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிளம்பிங் கடையில் தடித்த வாஷர் இரண்டு வாங்கி உள்ளும் புறமும் போட்டபின் நின்றது. பித்தளைக் குழாய் நன்றாக இருக்குமே என்று ஆசைப்பட வேண்டாம். அதன் எடையும், திருகும்போது கொடுக்கும் அழுத்தமும் துளையின் ஓரத்தில் விரிசல் விட வைத்துவிடும். பானைக்கு இத்தனை நுணுக்கமாக வடிவம் கொடுப்பவர்கள் குழாய்த் துளையைச் சுற்றி மட்டும் மண்ணைச் சற்றுத் தடிப்பாக விட்டால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆடிக் கூழ் வார்த்து முடிந்து ஆவணி பிறந்ததும் மாலைகளில் இடிமழை பெய்யத் தொடங்குகிறது. புரட்டாசியில் வெயிலும் புழுக்கமும் சேர்ந்துகொள்ள, காற்றும் அசையாமல் நிற்க, பானை வெறும் பாத்திரமாகிவிடுகிறது. உட்சுவர் வழுவழுப்பாகும், வாயருகே பச்சை படரும். மணல் தட்டில் தேங்கும் நீரில் கொசு முட்டையிடும் என்பதையும் மறக்கக் கூடாது. டெங்கு பரப்பும் கொசுவுக்கு அந்த அளவு நீரே தாராளம். மணலை அள்ளிக் கொட்டிவிட்டு, வாய்க்கு நெருக்கமான துணி கட்டி, சில வாரங்கள் ஓட்டலாம். ஆனால் அதற்கான உழைப்புக்கும் கிடைக்கும் பயனுக்கும் பொருத்தமில்லை என்பது என் தீர்ப்பு.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. புதுச்சேரியின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அதிலிருந்து டிசம்பர் வரையில் கொட்டித் தீர்த்துவிடும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்ததை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய மாதங்களில் தாழ்வாரத்தில் இடம் தேவைப்படுவது ஈரக்குடைக்கும், காயாத துணிக்கும், நனைந்த காலணிகளுக்கும்தான். அதனால் தீபாவளி வெள்ளையடிப்போடு பானையும் பரண் ஏறுகிறது. அதற்கு முன், வெயில் எட்டிப்பார்க்கும் நாட்களாகப் பார்த்து முற்றிலும் காயவைப்பது கட்டாயம். அரைகுறையாகக் காய்ந்த பானையை மூடிவைத்தால் பூஞ்சணம் பிடித்து, மாசியில் இறக்கும்போது வீசியெறிவதைத் தவிர வழியிருக்காது. குழாயைக் கழற்றி, பானையைப் பிரிமனையின் மேல் கவிழ்த்து, பழைய வேட்டியால் போர்த்திவைக்கிறோம். அதன் இடத்தில் மார்கழி முடியும் வரையில் சீரகத் தண்ணீர் நிரப்பிய பெரிய பிளாஸ்க் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த ஆண்டுக்கும் அதே பானை உதவுமா என்றால், ஓரளவு உதவும். நன்றாகத் தேய்த்துக் காயவைத்த பழைய பானை, முதல் கோடையின் குளிர்ச்சியில் முக்கால் பங்கு தருகிறது என்பது நாவின் கணிப்பு. வெப்பமானிக் கணக்கு என்னிடம் இல்லை. எங்கள் வீட்டில் பழையது மோருக்கும் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கவும் போகிறது. குடிநீருக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறோம். ஒரு கோடைக்கு 450 ரூபாய் என்று கணக்கிட்டாலும் இது எனக்கு மிகையாகத் தெரியவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் காற்றோட்டமில்லாத வீட்டில் இருப்பவர்களுக்கும், நாள் முழுவதும் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். திறந்த தாழ்வாரமோ மேற்குப் பார்த்த நிழலான சன்னலோ இருப்பவர்கள் தயங்க வேண்டியதில்லை.

வில்லியனூர்ச் சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதால் அந்தப் பெயரைச் சொல்லி விற்பவர்கள் நகரத்தில் பலர் உண்டு. எல்லாமே அங்கிருந்து வந்தவை என்று நம்புவதற்கில்லை. நகரத்திலிருந்து விழுப்புரம் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர்தான் என்பதால் நேரில் போய் வாங்குவதே மேல். விலையும் சற்றுக் குறைகிறது, பதம் பார்த்து எடுக்கவும் முடிகிறது. திருக்காமீசுவரர் கோயில் தேரோட்ட நாளில் மட்டும் போக வேண்டாம். பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்த வழக்கத்தைத் தொடர்ந்து இன்று துணைநிலை ஆளுநர் வந்து தேரை இழுத்துத் தொடங்கிவைக்கும் அந்தத் திருநாளில் ஊருக்குள் வண்டி நுழையாது. மற்ற நாட்களில் பேருந்தில் போகிறவர்கள் குழாயைக் கழற்றித் தனியாகத் தரச் சொல்லிவிடுங்கள். பானைக்குள் வைக்கோல் திணித்துச் சாக்கில் கட்டித் தரச் சொன்னால் தருவார்கள்; இருக்கைக்குக் கீழே தள்ளாமல், மடியில் வைத்துக்கொண்டு வருவது நல்லது.